நாற்பத்தொன்பது பாயிண்ட்

டீ வேண்டாம், சார். இன்று சனிக்கிழமை, நான் ஒருபொழுது. பதினெட்டு வருடமாகச் சனிக்கிழமை பகலில் என் வாயில் பச்சைத் தண்ணீர் தவிர வேறு எதுவும் போனதில்லை. உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன் என்பதற்காக விரதத்தை விட முடியுமா? அந்த டீயை ரைட்டர் அண்ணனுக்குக் கொடுங்கள். பாவம், நிறைய எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பொய் சொல்வதில்லை. வாக்குமூலம் கொடுக்க வருகிறவன் எல்லாம் இதைத்தான் சொல்வான் என்று நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். முடிவில் நீங்களே சொல்வீர்கள்.

என் பெயர் ஈஸ்வரபாண்டி. மார்க்கையன்கோட்டையிலிருந்து குச்சனூர் போகிற வழியில், வாய்க்காலை ஒட்டி எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அதற்குள்தான் ‘ஓவியா டிரேடர்ஸ்’. ஓவியா என் ஒரே மகள். தொழிலுக்குப் பிள்ளையின் பெயரை வைத்தால் விளங்கும் என்று ஜோசியர் சொன்னார், விளங்கியது. பழைய லாரி பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் லோடு லோடாக வரும். கோடாரியால் உடைப்போம். ஆசிட் வாய்க்கால் பக்கம் போகும், உள்ளே இருக்கும் தகடு உலைக்குப் போகும். ஈயம் உருகிப் பாளமாக வெளியே வரும், புகை தென்னைக்கு மேலே போகும். அதற்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்கள். இல்லை. டிரேடர்ஸ் என்றுதானே போர்டு வைத்தேன். பேட்டரி இல்லை, ஈயம் இல்லை என்று எந்தப் போர்டிலும் எழுதவில்லையே.

உலையில் ஈயம் போக மிச்சம் விழுவது கசடு. சாம்பல் நிறத்தில் பொடியும் கட்டியுமாகக் கிடக்கும். அதைக் கொண்டுபோய்க் கொட்ட இடமில்லாமல் நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி மேட்டுத்தெரு ஆட்கள் வந்தார்கள். மேட்டுத்தெரு என்றால் எங்கள் தோப்புக்கு அந்தப் பக்கம், நாற்பது வீடு. என்னிடம் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கன உள்ளவர்கள்தான். அவர்கள் தெரு அங்கன்வாடி முற்றத்தில் மழை பெய்தால் தண்ணீர் தேங்கிக் கொசு மொய்க்கிறதாம், மண் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். பதினோரு டிராக்டர் கசடு அடித்துக் கொடுத்தேன். மேலே ஒரு சாண் களிமண் போட்டு மட்டம் பண்ணிக்கொண்டார்கள். சுவரில் ‘உபயம்: ஈஸ்வரபாண்டி’ என்று கல்வெட்டு வைத்தார்கள். இந்தக் காலத்தில் குப்பையைக் கொட்டினவனுக்குக் கல்வெட்டு வைக்கிற ஊர் வேறு எங்கே இருக்கிறது, சார்?

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. இது சத்தியம். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், அண்ணே, பின்னால் தெரிந்ததை எழுதும்போது வித்தியாசம் தெரியும்.

என்னிடம் பேட்டரி உடைப்பதில் கெட்டிக்காரன் அய்யாத்துரை. ஒரே வெட்டில் மூடி தனியாக, பெட்டி தனியாகப் பிரிப்பான். அவன் பெண்டாட்டி பூமாரி எங்கள் வீட்டு வேலைக்கு வருவாள். அப்போது எங்கள் வீடும் தோப்புக்குள்ளேதான் இருந்தது. அவர்கள் மகள் மகாலட்சுமிக்கும் என் ஓவியாவுக்கும் ஒரே வயது, நாலு. இரண்டும் ஒரே தட்டில் சாப்பிடும், ஒரே இடத்தில் மண்ணில் புரளும். முதலாளி பிள்ளை, வேலைக்காரி பிள்ளை என்று நான் பேதம் பார்த்ததில்லை. ஈயமும் பார்க்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன், வைகாசி மாதம், ஓவியா வயிறு வலிக்கிறது என்று அழ ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை. மனப்பாடமாகச் சொன்ன பாட்டெல்லாம் பாதியில் நின்றது. என் மனைவி அனுசுயா பதறிப்போனாள். தேனியில் எபனேசர் டாக்டரிடம் கொண்டுபோனோம். பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப் பூமாரியும் வந்தாள், கூடவே மகாலட்சுமியும் வந்தது.

டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார். பிறகு பிள்ளையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன தொழில்?”

“பழைய பேட்டரி, டாக்டர்.”

“அந்தச் சட்டையோடதான் பிள்ளையத் தூக்குவீகளா?”

“தூக்காம எப்படி டாக்டர்.”

அவர் பேனாவை எடுத்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். மதுரையிலிருந்து ரிசல்ட் வர ஐந்து நாள் ஆனது. வாங்க நான் மட்டும்தான் போனேன். இரண்டு பேப்பர் கொடுத்தார். ரத்தத்தில் ஈயம் ஓவியாவுக்கு இருபத்தொன்று, மகாலட்சுமிக்கு நாற்பத்தொன்பது.

“அஞ்சு இருந்தாலே கவலைப்படணும், ஈஸ்வரபாண்டி. இது மூளையில போய் உட்காரும். போன அறிவு திரும்பி வராது. உங்க பிள்ளைய இன்னைக்கே அந்த இடத்த விட்டுக் கிளப்புங்க. அந்த இன்னொரு பிள்ளைய ஆஸ்பத்திரியில சேத்தே ஆகணும். நாப்பத்தஞ்சத் தாண்டிட்டா மருந்து குடுத்து ஈயத்த வெளியேத்தணும். லேட் பண்ணுனா வலிப்பு வரும். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, நானே லெட்டர் தாரேன்.”

எவ்வளவு தெளிவாகச் சொன்னார் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அந்த மனிதர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

வண்டியில் வரும்போது யோசித்தேன். ஓவியா விஷயம் சுலபம். மகாலட்சுமியை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்ன ஆகும்? அப்பன் எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்பார்கள். அங்கே வருவார்கள். அங்கன்வாடிக்கும் வருவார்கள், கல்வெட்டைப் படிப்பார்கள். உலை அணையும். இருபத்திரண்டு குடும்பத்துக்கு அடுப்பும் அணையும். ஒரு பிள்ளைக்காக இருபத்திரண்டு அடுப்பையா அணைப்பது? தர்மம் தெரிந்தவன் யோசிக்கத்தானே செய்வான். அந்த இருபத்திரண்டு அடுப்பைச் சுற்றியும் பிள்ளைகள்தான் உட்கார்ந்திருந்தன என்று நேற்று உங்கள் எஸ்.ஐ. சொன்னார். சின்ன வயசு, சுருக்கென்று பேசுகிறார்.

தோப்பில் இறங்கியதும் பூமாரி ஓடி வந்தாள்.

“மொதலாளி, எம்புள்ளைக்கு என்ன போட்டிருக்காக?”

பொய் சொல்லாதவன் என்றேனே, சார். உள்ளதைச் சொன்னேன்.

“நாப்பத்தொம்பது, ஆத்தா.”

அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். “நாப்பத்தொம்பது பாயிண்டா! இவ வயித்துல இருக்கும்போது எனக்கு எட்டு பாயிண்டு ரத்தந்தான் இருக்குன்னு நர்சம்மா அந்த வசவு வஞ்சாக. எம்புள்ளைக்கு நாப்பத்தொம்பதா?” என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, “ஓவியாப் பாப்பாவுக்கு?” என்று கேட்டாள்.

“இருவத்தொண்ணு.”

உடனே முகம் வாடிவிட்டது. தன் பிள்ளை ஜெயித்ததை மறைத்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள். “மனசுல வச்சுக்கிடாதீக, மொதலாளி. முருங்கக்கீரையும் பேரீச்சம்பழமும் குடுக்கச் சொல்லுங்க. ரத்தம் தன்னால ஏறிரும்.”

ஒரு தாய் இப்படிச் சந்தோஷப்பட்டு நிற்கும்போது, இல்லை ஆத்தா, இது வேறு கணக்கு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? எனக்கு வரவில்லை. நான் இளகின மனசுக்காரன்.

“அந்தப் பேப்பரக் குடுங்க, பத்திரமா வச்சுக்கிடுறேன்” என்றாள். கொடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். அவள் இரண்டாம் வகுப்பு. மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் கிழித்துப் போட்டிருக்க மாட்டேனா, சார்? இதைக் கோர்ட்டில் கட்டாயம் சொல்ல வேண்டும். அவள் அதற்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். அய்யாத்துரை மறுநாள் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தான்: “மொதலாளி வீட்டுப் பால்சோறு இருவத்தொண்ணு, எங்க வீட்டுக் கம்பங்கூழு நாப்பத்தொம்பதுய்யா.”

நானும் சிரித்தேன்.

அந்த வாரமே அனுசுயாவையும் ஓவியாவையும் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். அங்கே அவள் அக்கா வீடு இருக்கிறது. பிள்ளைக்குத் தலைமுடியை மழித்தேன், நகத்தை ஒட்ட வெட்டினேன், துணியை எல்லாம் எரித்தேன். பொம்மைகளைக் கூட விடவில்லை. அந்தப் பொம்மையில் ஒன்றை மகாலட்சுமி எடுத்து வைத்திருந்தது, அதைப் பிடுங்க மனம் வரவில்லை. கிளம்பும்போது பூமாரி ஒரு கட்டு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் உலைச் சுவரோரத்து மரத்தில் ஒடித்தது. தேனி தாண்டுவதற்குள் ஜன்னல் வழியாக வெளியே போட்டேன். அனுசுயா, “அந்தப் பிள்ளைக்கு என்ன செய்யப் போறீக?” என்று கேட்டாள். “மருந்து வாங்கிக் குடுத்துட்டேன்” என்றேன். வாங்கிக் கொடுத்தேன். மெடிக்கலில் சத்து டானிக், ஆரஞ்சு வாசனை.

எபனேசர் டாக்டர் இரண்டு தடவை போன் பண்ணினார். முதல் தடவை அடித்தபோது நான் எடுக்கவில்லை. அய்யாத்துரையைக் கட்டப்பனைக்கு ஒரு லோடு எடுக்க அனுப்பிவிட்டு நானே திரும்பக் கூப்பிட்டேன். “பிள்ளையோட அப்பன் கேரளாப் பக்கம் போயிருக்கான் டாக்டர், வந்ததும் வாரோம்” என்றேன். பொய்யா அது? இரண்டாம் தடவையும் அவன் கட்டப்பனையில்தான் இருந்தான். உண்மை பேசுவதற்கு இவ்வளவு டீசல் செலவழித்தவனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்புறம் டாக்டர் உடம்பு முடியாமல் கிளினிக்கை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்டார். நல்ல மனிதர். ஆள் இல்லாத கிளினிக்கைத் தாண்டும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஆடி பிறந்தது. மகாலட்சுமி ஓடியாடுவதை விட்டுவிட்டது. கூப்பிட்டால் சற்று நேரம் கழித்துத்தான் திரும்பும். கையில் கொடுத்த டம்ளரைக் கீழே போடும். மேட்டுத்தெருவில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படித்தான். அங்கன்வாடி டீச்சர் மந்தம் என்றார். தெருவில் ஏழரைச் சனி என்றார்கள். குச்சனூர்க்காரனுக்குப் பல்வலி வந்தாலும் ஏழரைதானே. பூமாரி என்னிடம் வந்து அழுதாள்.

“இம்புட்டு ரத்தம் இருந்தும் புள்ள ஏன் மொதலாளி இப்படிச் சொணங்கிப்போகுது?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பகவான்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வா, ஆத்தா” என்றேன். கோயிலுக்குப் போ என்பது குற்றமா? ஆடி மாதம் ஐந்து சனிக்கிழமையும் மேட்டுத்தெருத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவசமாக வண்டி விட்டேன். வாரமெல்லாம் பேட்டரி ஏற்றுகிற அதே வண்டி. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சனி பகவானைப் போல ஒரு பார்ட்னர் எனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்க மாட்டார், சார். பழி முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார், பங்கு கேட்கவில்லை.

குச்சனூர்ச் சனி பகவான் கோயிலில் மண்ணால் செய்த காக்கையை வாங்கித் தலையைச் சுற்றிச் சந்நிதியில் வைக்கிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரண்டாம் சனிக்கிழமை காலையில் நான் மேட்டுத்தெருவில் வண்டியை நிறுத்தியபோது மகாலட்சுமி அங்கன்வாடி முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. தானே காக்கை செய்துகொண்டிருந்தது. மேல் களிமண்ணைக் கிளறி, அடியிலிருந்த கசடைத் தோண்டி எடுத்துப் பிசைந்திருந்தது. அசல் காக்கைக் கழுத்தின் சாம்பல் நிறம். மூக்குச் சரியாக வரவில்லை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரம் பண்ணி மூக்கைத் தேய்க்கும், மறுபடி நாக்கில் வைக்கும், மறுபடி தேய்க்கும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு தடவையோ ஏழு தடவையோ. நாற்பத்தொன்பது என்பது அப்போது எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனதில் ஒரு கணக்கு ஓடியது.

அது காக்கையைத் தூக்கிக் காட்டி, “நல்லாருக்கா மாமா?” என்றது.

“நல்லாருக்கு தாயி” என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று அது பகவான் முன்னால் காக்கையை வைத்து என்ன வேண்டிக்கொண்டது என்று பூமாரி வண்டியில் வரும்போது சொன்னாள். ஓவியாவுக்கு ரத்தம் ஏற வேண்டும் என்று வேண்டியதாம். மறுநாள் அதற்கு இன்னொரு பாட்டில் டானிக் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் உலை ஓடியது. உங்களுக்கு வேண்டியது இதுதான், இல்லையா? எழுதுங்கள். தெரிந்த பிறகு இரண்டரை வருடம். போன தை மாதம் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரேயரில் கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருக்கும்போதே மகாலட்சுமி விழுந்தது. வாயில் நுரை, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா, ஜெனிபர் என்று பெயர், முன்னால் ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். பூமாரி, “இருக்கு தாயி, எம்புள்ள நாப்பத்தொம்பது பாயிண்டு” என்று சொல்லிவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் பேப்பரை எடுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா படித்தார். தேதியைப் பார்த்தார். பூமாரியை உட்காரச் சொல்லி, அந்த எண் என்ன என்று சொன்னார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். கலெக்டர் வந்தார், முகாம் போட்டார்கள், மேட்டுத்தெருவில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ரத்தத்தில் ஈயம் என்றார்கள். முற்றத்தைத் தோண்டுகிறார்கள். கல்வெட்டையும் சாட்சிப் பொருளாகப் பெயர்த்தெடுத்தீர்களாமே, பார்த்து எடுங்கள், நல்ல கல். மகாலட்சுமி உயிரோடுதான் இருக்கிறது. மருந்து ஏற்றுகிறார்கள். வலிப்பு நிற்கவில்லை. பேச்சு குழறுகிறது. போனது திரும்பாது என்று ஜெனிபரம்மாவும் சொன்னாராம். எபனேசர் டாக்டர் சொன்னதேதான், வார்த்தை மாறவில்லை.

நேற்றுப் பூமாரி என்னைப் பார்க்க இங்கே வந்தாளே, நீங்களும் இருந்தீர்கள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பெண் போலீசைப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அவள் ஒன்றும் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அன்னிக்கே தெரியுமா மொதலாளி?”

நான், “பேப்பர உன் கையிலதான ஆத்தா குடுத்தேன்” என்றேன்.

“ஆமா, குடுத்தீக” என்றாள். “மூணு வருசமா அதுக்கு வெளக்குப் பொருத்திக் கும்புட்டேன்.”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள். நியாயமான பெண், சார். நான் கொடுத்ததை ஒப்புக்கொண்டாள் இல்லையா? அதை அவள் வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே கையெழுத்து? ஒவ்வொரு பக்கத்திலுமா? சரி. தெரிந்துதான் செய்தேன், ஈஸ்வரபாண்டியாகிய நான், சுய நினைவோடு. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தருமமும். என் பிள்ளையைக் காப்பாற்றின பிறகு மிச்சம் இருந்தால் ஊர்ப் பிள்ளையைப் பார்த்திருப்பேன். மிச்சம் இல்லாமல் போய்விட்டது.

ஓவியா இப்போது இரண்டாம் வகுப்பு. கிளாசில் முதல் ரேங்க். ஒவ்வொரு ஞாயிறும் போனில் மகாவைப் பற்றித்தான் முதலில் கேட்பாள். போன வாரம், “அப்பா, மகா இப்ப எத்தனாவது ரேங்க்?” என்றாள்.

“அவளுக்குப் படிப்பு வரல, கண்ணு” என்று சொன்னேன்.

அதிலும் ஒரு எழுத்துப் பொய் இல்லை, சார்.